ஆய்வக மின்னணுப் பதிவுகளில் கைவைத்தால் தெரியுமா?

மருந்து நிறுவனம் ஒன்றுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கிறது என்று செய்தி வரும்போதெல்லாம், 'தரவு நேர்மைக் குறைபாடு' என்ற சொல்லும் அதோடு சேர்ந்து வருகிறது. பங்கின் விலை இறங்குகிறது. நோயாளிகளுக்கு ஆபத்து எதுவும் இல்லை என்று நிறுவனம் அறிக்கை விடுகிறது. கோளாறு மருந்திலா, கணினியிலா, எழுத்து வேலையிலா என்பது மட்டும் படிப்பவருக்கு விளங்குவதில்லை. ஒரு மாத்திரையில் மருந்து சரியான அளவில் இருக்கிறது என்பதற்கு நம்மிடம் உள்ள ஒரே சான்று ஆய்வகத்தின் பதிவுதான். அந்தப் பதிவில் யாரோ கைவைத்திருக்கலாம் என்ற நிலை வந்துவிட்டால், மருந்து நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு விடை சொல்ல வழியே இல்லாமல் போகிறது. தரவு நேர்மைக் குறைபாட்டைக் கட்டுப்பாட்டு அமைப்புகள் இவ்வளவு கடுமையாக எடுத்துக்கொள்வது இதனால்தான்.

மாற்றவே முடியாத மின்னணுப் பதிவு என்று எதுவும் கிடையாது. வட்டில் எழுதப்பட்ட எதையும், போதிய அதிகாரமும் நேரமும் உள்ள ஒருவரால் மாற்றி எழுத முடியும். ஆகவே ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டை மதிப்பிடும்போது கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. மாற்றம் நடந்தால் அது வெளியே தெரியுமா? முடிவு எப்படி வர வேண்டும் என்பதில் அக்கறை உள்ளவரின் கையிலேயே பதிவின் சாவியும் இருக்கிறதா? இக்கட்டுரை மருந்துத் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தை முன்வைத்து இவற்றை விளக்குகிறது. குடிநீர், தடயவியல், மருத்துவமனை ஆய்வகங்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

பதிவு என்பது எது?

மருந்து ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் கருவிகளில் ஒன்று எச்.பி.எல்.சி. எனப்படும் உயர்திறன் திரவ நிறப்பிரிகைக் கருவி. மாத்திரையைக் கரைத்து வடிகட்டிய கரைசலில் சில மைக்ரோலிட்டரைக் கருவி நுண்துகள்கள் நிரப்பிய ஓர் உலோகக் குழலுக்குள் அழுத்தத்தோடு செலுத்துகிறது. இப்படி ஒருமுறை செலுத்துவதை ஆய்வகங்களில் 'இன்ஜெக்‌ஷன்' என்பார்கள். கரைசலில் உள்ள பொருள்கள் வெவ்வேறு நேரத்தில் மறுமுனையை அடைகின்றன. அவை வரும்போது உணரி தரும் சைகையைக் கணினி ஒரு வரைகோடாக வரைகிறது. அதுதான் குரோமட்டோகிராம். கோட்டில் எழும் ஒவ்வொரு முகட்டையும் ஆய்வகங்களில் 'பீக்' என்பார்கள். பீக்கின் பரப்பளவைக் கொண்டே மருந்தின் அளவு கணக்கிடப்படுகிறது.

நுட்பமான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பீக் எந்தப் புள்ளியில் தொடங்கி எந்தப் புள்ளியில் முடிகிறது, அடிக்கோடு எங்கே ஓடுகிறது என்பதைத் தீர்மானிப்பவை மென்பொருளில் கொடுக்கப்பட்ட அமைப்புகள். அவற்றைச் சற்றே நகர்த்தினால் பரப்பளவு மாறும்; பரப்பளவு மாறினால் முடிவும் மாறும். உணரி தந்த சைகையில் ஒரு புள்ளியைக்கூடத் தொடாமல், தோல்வியடைந்த மாதிரியைத் தேறவைக்க முடியும். எனவே ஒரு பரிசோதனையின் முழுப் பதிவு என்பதில் கீழ்க்கண்ட அனைத்தும் அடங்கும்:

1. உணரியிலிருந்து வந்த மூலச் சைகைத் தரவு.
2. கருவி எந்த அமைப்பில் ஓடியது என்ற விவரம்.
3. பீக்கைக் கணக்கிட்ட அளவுருக்கள், அவற்றின் எல்லாப் பழைய வடிவங்களுடனும்.
4. யார், எந்தக் கணினியில், எப்போது, என்ன காரணத்துக்காகச் செய்தார் என்ற பின்னணித் தரவு.
5. ஏற்கப்பட்ட முடிவோடு, ஒதுக்கப்பட்ட முடிவுகளும் பாதியில் நிறுத்தப்பட்ட கருவி ஓட்டங்களும்.

கையொப்பமிட்டுக் கோப்பில் வைக்கப்படும் அச்சுப்பிரதி இவற்றில் ஒரு சிறு துண்டு மட்டுமே. அச்சிட்டு வைத்துவிட்டோம், கணினியில் உள்ளதை அழித்துவிடலாம் என்று பல ஆய்வகங்கள் நெடுங்காலம் நினைத்திருந்தன. 2018 டிசம்பரில் எஃப்.டி.ஏ. இறுதிசெய்து வெளியிட்ட தரவு நேர்மை வழிகாட்டி இதற்கு இடம் வைக்கவில்லை. எச்.பி.எல்.சி. போன்ற கருவிகளின் தரவை மறுபடி கணக்கிட்டுப் பார்க்க முடிய வேண்டும் என்பதால், அதை மின்னணு வடிவிலேயே பின்னணித் தரவோடு வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

தாளில் இருந்த தடயம்

தாள் காலத்தில் விதிகள் எளியவை. பக்க எண் இடப்பட்ட, தைத்துக் கட்டிய குறிப்பேட்டில் அழியாத மையால் எழுத வேண்டும். பிழை நேர்ந்தால் பழையது படிக்கும்படி ஒற்றைக் கோடு கிழித்து, புதியதைப் பக்கத்தில் எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். வெள்ளை மை பூசக் கூடாது. பக்கத்தைக் கிழிக்கக் கூடாது.

இவ்விதிகளை ஒருவர் மீறினாலும் தாள் ஓரளவு சாட்சி சொல்லும். அந்தச் சாட்சியின் வலிமையும் வரம்பும் அமெரிக்காவில் நடந்த ஒரு புகழ்பெற்ற வழக்கில் வெளிப்பட்டன. நோபல் பரிசு பெற்ற டேவிட் பால்டிமோர் இணையாசிரியராக இருந்த 1986ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரை ஒன்றின் தரவுகள் புனையப்பட்டவை என்று அவருடன் பணியாற்றிய தெரேசா இமானிஷி-காரி மீது குற்றம் சாட்டப்பட்டது. அமெரிக்க ரகசியச் சேவையின் ஆவண வல்லுநர்கள் அவருடைய குறிப்பேடுகளைப் பிரித்து, கதிரியக்க எண்ணிக் கருவி அச்சிட்ட நாடாக்களின் மையை வேறு குறிப்பேடுகளில் இருந்த தேதியிட்ட நாடாக்களோடு ஒப்பிட்டார்கள். பல ஆண்டு விசாரணைக்குப் பின் 1996இல் மேல்முறையீட்டுக் குழு 19 குற்றச்சாட்டுகளிலிருந்தும் அவரை விடுவித்தது. ஒரு பதிவு எப்போது உருவானது என்பதை நிறுவ வழியில்லாவிட்டால், தவறு செய்தவர் தப்பிப்பதோடு தவறு செய்யாதவரும் ஆண்டுக்கணக்கில் தன்னை நிரூபிக்க முடியாமல் நிற்க நேரும். பதிவுப் பாதுகாப்பு ஆய்வாளரைச் சந்தேகிப்பதற்கான ஏற்பாடு என்று கருதுவோர் இந்த இரண்டாவது பக்கத்தை மறந்துவிடுகிறார்கள்.

மின்னணுப் பதிவில் மையும் இல்லை, நாரும் இல்லை. 97.4 இருந்த இடத்தில் 98.3 எழுதப்பட்டால், புதிய எண் பழைய எண்ணைப் போலவே பளிச்சென்று இருக்கும். தாள் தானாகக் கொடுத்த தடயத்தைக் கணினியில் நாம் வேண்டுமென்றே உருவாக்கியாக வேண்டும்.

கைவைப்பது யார்? எப்படி?

பாதுகாப்பு என்றதும் வெளியிலிருந்து ஊடுருவும் ஹேக்கரின் உருவம்தான் பலருக்கும் மனத்தில் எழுகிறது. பணம் பறிக்கும் ரேன்சம்வேர் தாக்குதல்கள் ஆய்வகங்களுக்கும் உண்மையான ஆபத்துதான். ஆனால் முடிவுகளைத் திருத்திய வழக்குகளில் நாம் காண்பது உள்ளே இருப்பவர்களை: ஒரே முறையில் தயாரான மருந்துத் தொகுதியை ('பேட்ச்') குறித்த நாளில் வெளியே அனுப்பியாக வேண்டிய நெருக்கடியில் உள்ள ஆய்வாளர், அவருடைய மேற்பார்வையாளர், சில வேளைகளில் மேலாளர். இவர்கள் எல்லோரிடமும் முறையான கடவுச்சொல் இருக்கிறது.

இவர்கள் கையாளும் வழிகள் கட்டுப்பாட்டு அமைப்புகளின் ஆய்வு அறிக்கைகளில் மீண்டும் மீண்டும் வருபவை:

1. மாதிரியை முதலில் 'ட்ரையல்' என்ற பெயரில் ஓட்டிப் பார்ப்பது. தேறினால் மட்டும் முறையான பெயரில் மறுபடி ஓட்டுவது.
2. பீக்கின் எல்லைகளைக் கையால் நகர்த்துவது.
3. பிடிக்காத ஓட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, மின்தடை என்றோ கருவிக் கோளாறு என்றோ எழுதுவது.
4. கணினியின் கடிகாரத்தைப் பின்னோக்கி நகர்த்தி, பழைய தேதியில் பரிசோதனை செய்வது.
5. கோப்பை அழிப்பது, பெயர் மாற்றுவது, அல்லது முந்தைய தொகுதியின் நல்ல முடிவை நகலெடுத்துப் புதிய தொகுதியின் பெயரில் வைப்பது.
6. எல்லோரும் ஒரே பயனர் பெயரில் உள்நுழைந்து, செய்தவர் யார் என்ற கேள்விக்கே விடையில்லாமல் செய்வது.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டை அருகில் வைத்துப் பார்க்கலாம். மருந்தின் அளவு 98.0 முதல் 102.0 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது வரையறை. சர்வரில் உள்ள பதிவுகள் இப்படிச் சொல்கின்றன:

காலை 10:12. 'ட்ரையல்' கோப்புறையில் மாதிரிப் பெயர் இல்லாத ஓர் இன்ஜெக்‌ஷன். முடிவு 96.9.
10:40. அதே கோப்புறையில் இன்னொன்று. முடிவு 97.2.
11:25. முறையான கோப்புறையில், மாதிரிப் பெயரோடு. முடிவு 97.4.
11:58. இன்டெக்ரேஷன் (பீக்கின் பரப்பளவைக் கணக்கிடுவது) கையால் மாற்றப்பட்டது. காரணம்: 'அடிக்கோடு சரிசெய்தல்'. முடிவு 98.3.
12:03. ஆய்வாளரின் கையொப்பம்.

அச்சுப்பிரதியில் 98.3 என்ற ஒற்றை எண்ணும் கையொப்பமும் மட்டுமே இருக்கும். உண்மையில் அந்த மருந்து நல்லதாகவே இருந்திருக்கலாம்; கரைசல் சரியாகத் தயாரிக்கப்படாமலோ கருவி நிலைபெறாமலோ போயிருக்கலாம். ஆனால் வரையறைக்கு வெளியே முடிவு வந்தால் ஏன் வந்தது என்று விசாரித்து எழுதிவைக்க வேண்டும். தேறும்வரை திரும்பத் திரும்பச் சோதிக்கக் கூடாது. பார் லேபரட்டரீஸ் என்ற மருந்து நிறுவனத்தின் வழக்கில் 1993இல் அமெரிக்க மாவட்ட நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு இது ஐயத்துக்கு இடமில்லாத நடைமுறை. மேற்கண்ட ஐந்து வரிகளில் அந்த விசாரணை நடக்கவே இல்லை. நடந்திருக்க வேண்டும் என்பதற்கான சுவடும் அச்சுப்பிரதியில் இல்லை.

நியூ ஜெர்சியில் இயங்கிய ஏபிள் லேபரட்டரீஸ் நிறுவனத்தில் 2005இல் நடந்ததும் இத்தகையதே. தாள்களில் தேறிய முடிவுகள் இருந்தன. எஃப்.டி.ஏ. ஆய்வாளர்கள் கணினியில் உள்ள தரவைப் பார்த்தபோது தோல்வியடைந்த முடிவுகள் கிடைத்தன. நிறுவனம் தன் எல்லா மருந்துகளையும் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது, திவாலானது, முன்னாள் ஊழியர்கள் சிலர் பின்னர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். மின்னணுத் தரவு அழியாமல் கிடந்ததால்தான் அங்கே உண்மை வெளிவந்தது.

விதிகள் கேட்பது என்ன?

அடிப்படை விதி 1997இல் வெளியான அமெரிக்காவின் 21 சி.எஃப்.ஆர். பகுதி 11 (சி.எஃப்.ஆர். என்பது அந்நாட்டு மத்திய அரசின் விதிமுறைத் தொகுப்பு). மின்னணுப் பதிவையும் மின்னணுக் கையொப்பத்தையும் தாளுக்கும் மையொப்பத்துக்கும் நிகராக ஏற்பதற்கான நிபந்தனைகளை அது வகுத்தது. அதன் மையமான நிபந்தனை இது: பதிவை உருவாக்கும், மாற்றும், அழிக்கும் ஒவ்வொரு செயலையும் கணினியே தன்னிச்சையாக, நேரத்தோடு குறித்துக்கொள்ள வேண்டும், மாற்றம் எதுவும் முன்பு எழுதப்பட்டதை மறைக்கக் கூடாது. தாளில் ஒற்றைக் கோடு கிழிக்கும் பழைய ஒழுங்குதான் இங்கே கணினிக்குரிய வடிவத்தில் வருகிறது. ஐரோப்பாவில் இதே பணியை நல்லுற்பத்தி நடைமுறைகளின் 11ஆம் இணைப்பு செய்கிறது. இந்தியாவில் 2023 டிசம்பர் இறுதியில் திருத்தப்பட்ட, மருந்து உற்பத்தி நடைமுறைகளை வகுக்கும் 'அட்டவணை எம்' கணினி அமைப்புகளையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் இந்திய அமைப்பான என்.ஏ.பி.எல்.இன் அங்கீகாரம் பெறும் ஆய்வகங்கள் பின்பற்றும் ஐ.எஸ்.ஓ. 17025 என்ற பன்னாட்டுத் தரத்தின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பு, தகவல் அமைப்பைக் கைவைப்பிலிருந்தும் இழப்பிலிருந்தும் காக்க வேண்டும் என்று நேரடியாகவே சொல்கிறது. திருத்தத்துக்கு முந்தைய தரவையும் பிந்தைய தரவையும் சேர்த்து வைத்திருக்கவும் கோருகிறது.

இவை எதிலும் குறிப்பிட்ட மென்பொருளை வாங்குங்கள் என்ற கட்டளை இல்லை. விதிகள் விளைவைக் கேட்கின்றன; வழியை ஆய்வகமே தேர்ந்துகொள்ள வேண்டும்.

சாவி யார் கையில்?

முதல் அடுக்கு, யாருக்கு என்ன உரிமை என்பது. ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்கு. பகிரப்பட்ட கடவுச்சொல் கூடாது. வேலையை விட்டுப் போனவரின் கணக்கு அன்றே முடக்கப்பட வேண்டும். இவை எல்லோரும் அறிந்தவை. அதிகம் தவறும் இடம் நிர்வாகி உரிமை, அதாவது 'அட்மின்' கணக்கு.

சிறிய ஆய்வகங்களில் கணினி தெரிந்த மூத்த ஆய்வாளரிடமே அட்மின் கடவுச்சொல்லைக் கொடுத்துவிடுவது வழக்கம். நம்பிக்கையின் பேரில் செய்யப்படும் இந்த ஏற்பாடு மற்ற எல்லாப் பாதுகாப்பையும் பொருளற்றதாக்கிவிடுகிறது. கோப்பை அழிக்கும் உரிமை, கடிகாரத்தை மாற்றும் உரிமை, மாற்றங்களைக் குறிக்கும் வசதியையே அணைத்துவைக்கும் உரிமை ஆகிய மூன்றும் முடிவுக்குப் பொறுப்பான அதே மனிதரிடம் வந்து சேர்கின்றன. பதிவின் உள்ளடக்கத்துக்குப் பொறுப்பில்லாத ஒருவரிடமே நிர்வாகி உரிமை இருக்க வேண்டும் என்று எஃப்.டி.ஏ. 2018 வழிகாட்டி பரிந்துரைப்பது இதனால்தான். ஆய்வக மென்பொருளின் அட்மின் உரிமையோடு விண்டோஸின் அட்மின் உரிமையையும் பிரிக்க வேண்டும். மென்பொருளுக்குள் எவ்வளவு கட்டுப்பாடு இருந்தாலும், கோப்புகள் சாதாரணக் கோப்புறையில் கிடந்தால் மென்பொருளைத் திறக்காமலேயே அவற்றை அழிக்கலாம்.

தணிக்கைத் தடம்: எழுதினால் போதாது, படிக்க வேண்டும்

ஆய்வகங்களில் 'ஆடிட் டிரெயில்' என்று அழைக்கப்படும் தணிக்கைத் தடம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐந்து விவரங்களைக் கொண்டிருக்க வேண்டும்: செய்தவர், நேரம், பழைய மதிப்பு, புதிய மதிப்பு, காரணம். காரணத்தைத் தட்டச்சு செய்யாமல் மாற்றத்தைச் சேமிக்க முடியாதபடி மென்பொருளை அமைக்கலாம். ஆனால் பட்டியலிலிருந்து 'தட்டச்சுப் பிழை' என்பதைத் தேர்ந்தெடுக்கும் வசதியைக் கொடுத்துவிட்டால், எல்லா மாற்றமும் தட்டச்சுப் பிழையாகவே பதிவாகும்.

தணிக்கைத் தடத்துக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. ஒன்று, அது யாராலும் படிக்கப்படாமல் கிடப்பது. ஆயிரக்கணக்கான வரிகளில் உள்நுழைவும் வெளியேற்றமுமே பெரும்பகுதி. தரஉறுதிப் பிரிவினர் ஒவ்வொரு தொகுதியையும் விடுவிக்கும் முன், முடிவைப் பாதிக்கக்கூடிய வரிகளை மட்டும் பிரித்துப் பார்க்கும் வழியை முன்கூட்டியே அமைத்துக்கொள்ள வேண்டும்: கையால் செய்த இன்டெக்ரேஷன், நிறுத்தப்பட்ட ஓட்டம், அழிப்பு, கடிகார மாற்றம், திட்டமிடப்படாத இன்ஜெக்‌ஷன். மேற்கண்ட ஐந்து வரி எடுத்துக்காட்டில் யாராவது ஒருவர் 'ட்ரையல்' கோப்புறையைத் திறந்திருந்தால் போதும்.

இரண்டாவது பலவீனம் இதைவிட ஆழமானது. தணிக்கைத் தடமும் ஒரு தரவுத்தள அட்டவணைதான். தரவுத்தளத்தை நேரடியாகத் திறக்கும் உரிமை உள்ளவர் பதிவையும் தடத்தையும் சேர்த்தே திருத்திவிடலாம். இந்த இடத்தில் உரிமைக் கட்டுப்பாடு கைகொடுக்காது. கணிதத்தின் துணை வேண்டும்.

ஹேஷ்: மாற்றத்தைக் காட்டிக்கொடுக்கும் எண்

ஹேஷ் என்பது எந்த அளவுக் கோப்பைக் கொடுத்தாலும் அதிலிருந்து குறிப்பிட்ட நீளமுள்ள எண் ஒன்றை உருவாக்கும் கணக்கீடு. பரவலாகப் பயன்படும் ஷா-256 முறை 256 பிட் நீளமுள்ள எண்ணைத் தரும். வழக்கமான முறையில் எழுதினால் 64 குறியீடுகள். கோப்பில் ஒரேயொரு பிட் மாறினாலும் புதிய எண்ணுக்கும் பழைய எண்ணுக்கும் ஒட்டும் உறவும் இருக்காது. எண்ணிலிருந்து கோப்பைத் திரும்பப் பெற முடியாது. அதே எண்ணைத் தரும் வேறொரு கோப்பை வேண்டுமென்றே தயாரிப்பதும் நடைமுறையில் இயலாது.

எல்லா ஹேஷ் முறைகளும் இந்த உறுதியைத் தருவதில்லை. எம்.டி.5 முறையில் ஒரே எண்ணைத் தரும் இரு வேறு கோப்புகளை உருவாக்க முடியும் என்பது 2004இல் காட்டப்பட்டது. ஷா-1 முறைக்கும் 2017இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சி.டபிள்யூ.ஐ. ஆய்வு நிறுவனமும் அதையே செய்துகாட்டின. பழைய மென்பொருள் இவற்றைப் பயன்படுத்தினால் மாற்றுவது நல்லது.

தனித்தனி ஹேஷால் பயன் குறைவு. பதிவை மாற்றுபவர் ஹேஷையும் புதிதாகக் கணக்கிட்டு எழுதிவிடுவார். அதனால் ஹேஷ்களைத் தொடராகக் கோக்கிறார்கள்:

1. 100ஆம் பதிவுக்கு ஹேஷ் கணக்கிடப்படுகிறது.
2. 101ஆம் பதிவின் ஹேஷைக் கணக்கிடும்போது, பதிவின் உள்ளடக்கத்தோடு 100ஆம் பதிவின் ஹேஷும் உள்ளே சேர்க்கப்படுகிறது.
3. 102ஆம் பதிவில் 101இன் ஹேஷ் சேர்கிறது, இப்படியே தொடர்கிறது.

இப்போது 100ஆம் பதிவில் ஓர் எண்ணை மாற்றினால் 101 பொருந்தாது, 102 பொருந்தாது, இன்றைய பதிவுவரை எதுவுமே பொருந்தாது. நடுவில் உள்ள பதிவை உருவி எடுத்தாலும் இதே கதிதான். ஆனாலும் முழு அதிகாரமுள்ள ஒருவர் 100 முதல் இன்றுவரை எல்லாவற்றையும் புதிதாகக் கணக்கிட்டு எழுதிவிடலாம். கணினிக்கு அது சில நிமிட வேலை. ஆகவே தொடரின் கடைசி ஹேஷை அவ்வப்போது அந்த மனிதரின் கைக்கு எட்டாத ஓரிடத்தில் வைத்தாக வேண்டும். ஹேஷ் தொடர் இருக்கிறது என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: கடைசி ஹேஷ் எங்கே போகிறது?

இந்தச் சிந்தனை பழையது. அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் இருந்த ஸ்டூவர்ட் ஹேபரும் ஸ்காட் ஸ்டோர்னெட்டாவும் மின்னணு ஆவணத்துக்கு நேர முத்திரை இடும் முறையை 1991இல் வெளியிட்டார்கள். அவர்கள் தொடங்கிய ஷ்யூரிட்டி நிறுவனம், தன்னிடம் வந்த ஆவணங்களின் ஹேஷ்களைத் தொகுத்துக் கிடைத்த எண்ணை 1995 முதல் வாரந்தோறும் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் வரி விளம்பரப் பகுதியில் அச்சிட்டுவந்தது. பல்லாயிரம் வீடுகளுக்கும் நூலகங்களுக்கும் போய்ச் சேர்ந்த அச்சுத் தாளை யாராலும் திரும்பப் பெற்றுத் திருத்த முடியாது. பிட்காயினின் 2008ஆம் ஆண்டு அறிக்கை இவர்களின் கட்டுரைகளை மேற்கோள் காட்டுகிறது. பிளாக்செயின் என்று இன்று பேசப்படுவதற்கு அடியில் உள்ள கருத்து இதுவே. ஆய்வகத்துக்கு முழு பிளாக்செயின் தேவை என்று எனக்குத் தோன்றவில்லை. முன்பின் அறியாதவர்கள் ஒருவரையொருவர் நம்பாமல் ஒரே பதிவேட்டை நடத்துவதற்கான ஏற்பாடு அது. ஆய்வகத்துக்கு வேண்டியது ஒரு தொடரும், வெளியே நம்பகமான ஓர் இடமும்தான்.

கையொப்பமும் நேரமும்

இரண்டு வகைக் கையொப்பங்கள் அடிக்கடி ஒன்றாகக் கருதப்படுகின்றன. பகுதி 11 கேட்கும் மின்னணுக் கையொப்பம் பெரும்பாலும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சேர்ந்தது. கையொப்பமிட்டவரின் பெயர், நேரம், 'செய்தவர்' 'சரிபார்த்தவர்' 'ஒப்புதல் அளித்தவர்' என்பதுபோன்ற பொருள் ஆகியவை பதிவில் தெரிய வேண்டும். ஒரு பதிவிலிருந்து பெயர்த்து இன்னொன்றில் ஒட்ட முடியாதபடி இருக்க வேண்டும். இது மென்பொருளின் நேர்மையை நம்பி நிற்கிறது. டிஜிட்டல் கையொப்பம் வேறு: பதிவின் ஹேஷின்மீது கையொப்பமிடுபவரின் தனிச்சாவி (அவரிடம் மட்டுமே உள்ள ரகசிய எண்) கொண்டு செய்யப்படும் கணக்கீடு அது. பதிவு மாறினால் கையொப்பம் தானாகவே செல்லாததாகும். அதைச் சரிபார்க்க அந்த ஆய்வகத்தின் மென்பொருளே தேவையில்லை. இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற சான்றளிப்பு நிறுவனங்கள் இதற்கான சான்றிதழை வழங்குகின்றன.

நேரத்தைப் பொறுத்தவரை, இந்திய மருந்து நிறுவனமான ரான்பாக்ஸியின் வழக்கு அதன் முக்கியத்துவத்தைக் காட்டியது. மருந்து காலப்போக்கில் கெடாமல் இருக்கிறதா என்று அறிய மாத இடைவெளிகளில் நிலைத்தன்மைச் சோதனை செய்ய வேண்டும். சில தொகுதிகளில் மாதக்கணக்கான இடைவெளியில் நடந்திருக்க வேண்டிய சோதனைகள் ஒரே நாளிலோ சில நாள்களுக்குள்ளோ நடத்தப்பட்டு, வேறு தேதிகள் தெரிவிக்கப்பட்டிருந்தன. 2013 மே மாதம் ரான்பாக்ஸியின் அமெரிக்கக் கிளை குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் செலுத்தச் சம்மதித்தது. அங்கே எண்களைவிடத் தேதிகளே பொய் சொல்லின. கருவியோடு இணைந்த கணினி தன் சொந்தக் கடிகாரத்தை நம்பி இருக்கக் கூடாது. நேரம் சர்வரிலிருந்து வர வேண்டும், சர்வர் வெளியே ஒரு தரமான மூலத்தோடு ஒத்திசைய வேண்டும். இந்தியத் திட்ட நேரத்தைப் பேணுவது புது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம்.

காப்பு நகல்

அழிக்கப்பட்டதைத் திரும்பப் பெற நகல் வேண்டும். ஆனால் நகலும் அதே அட்மினின் கைக்குள் இருந்தால் பயனில்லை. ஒருமுறை எழுதினால் குறித்த காலம்வரை யாராலும் அழிக்க முடியாத சேமிப்பு வகைகள் இப்போது எளிதில் கிடைக்கின்றன. ரேன்சம்வேருக்கும் அதுவே மருந்து. நகலை எடுப்பதோடு நிற்காமல், அதிலிருந்து ஒரு பழைய ஓட்டத்தை மீட்டு, மறுபடி கணக்கிட்டு அதே முடிவு வருகிறதா என்றும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். அமெரிக்க விதிப்படி உற்பத்திப் பதிவுகளைத் தொகுதியின் காலாவதித் தேதிக்குப் பின் குறைந்தது 1 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அதற்குள் மென்பொருளின் பதிப்பு மாறிவிடும். கோப்பு பத்திரமாக இருந்தும் திறக்க முடியாவிட்டால் அது இருந்தும் இல்லாததே.

கணினிக்கு எட்டாதவை

மேற்சொன்ன அனைத்தும் பதிவு உருவான நொடியிலிருந்தே தொடங்குகின்றன. அதற்கு முன் நடப்பதை எந்த ஹேஷும் காக்காது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் போதைப்பொருள் ஆய்வகம் ஒன்றில் பணியாற்றிய வேதியியலாளர், பல மாதிரிகளைச் சோதிக்காமலேயே சோதித்ததாக எழுதியது 2012இல் வெளிவந்தது. 2017இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் 21,000க்கும் மேற்பட்ட வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. அப்படிப்பட்ட பொய்யை மிகச் சிறந்த மின்னணு அமைப்பும் பொய்யாகவே, பத்திரமாக, பாதுகாத்து வைத்திருக்கும்.

இந்த இடைவெளியைக் குறைக்க இரண்டு வழிகள் உதவுகின்றன. தராசு, பி.எச். மானி போன்ற கருவிகளின் அளவீட்டை மனிதர் பார்த்துத் தட்டச்சு செய்யாமல், கருவியிலிருந்து நேராகக் கணினிக்கு வரவைப்பது ஒன்று. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பதிவுகளை ஒப்பிடுவது இன்னொன்று. எச்.பி.எல்.சி. கருவி தன் பம்பும் ஊசியும் எத்தனை முறை இயங்கின என்று எண்ணிவைக்கிறது. குழலின் பயன்பாட்டுப் பதிவேடு, தராசின் உள் நினைவகம், மாதிரிக் கிடங்கின் இருப்பு, கதவு அட்டையின் நுழைவுப் பதிவு எனச் சான்றுகள் பல. கருவி 46 இன்ஜெக்‌ஷன் என்கிறது, மென்பொருளில் 43 இருக்கிறது என்றால், அந்த மூன்றைத் தேட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பொருந்தும்படி திருத்துவது மிகக் கடினம். அனுபவமுள்ள தணிக்கையாளர்கள் முதலில் இந்த ஒப்பீட்டைத்தான் செய்கிறார்கள்.

நீதிமன்றத்தில்

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியம் என்ற இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சான்றாக முன்வைக்கும்போது உடன் இணைக்க வேண்டிய சான்றிதழின் படிவத்தையும் தருகிறது. பதிவின் ஹேஷ் மதிப்பையும் எந்த முறையில் அது கணக்கிடப்பட்டது என்பதையும் அதில் குறிப்பிட வேண்டும். ஒரு பகுதியைப் பதிவை வைத்திருப்பவரும் மற்றொரு பகுதியை வல்லுநரும் நிரப்ப வேண்டும். வழக்கு வந்த பிறகு கணக்கிடப்படும் ஹேஷ் அன்றைய நிலையை மட்டுமே காட்டும். பரிசோதனை முடிந்த அன்றே கணக்கிட்டு வெளியே வைத்திருந்தால்தான் இடைப்பட்ட ஆண்டுகளுக்கும் அது சாட்சி சொல்லும்.

பணம் குறைந்த ஆய்வகம் எங்கே தொடங்குவது?

விலையுயர்ந்த மென்பொருள் வாங்கும் நிலையில் பல சிறிய ஆய்வகங்கள் இல்லை. ஆனால் முதல் படிகளில் பெரும்பாலானவற்றுக்கு உழைப்பே போதும்:

1. அட்மின் கடவுச்சொல்லை ஆய்வாளர்களிடமிருந்து எடுத்து, கணக்குப் பிரிவிலோ தகவல் தொழில்நுட்பப் பிரிவிலோ உள்ள, முடிவோடு தொடர்பில்லாத ஒருவரிடம் கொடுப்பது. பகிரப்பட்ட கணக்குகளை அதே நாளில் மூடுவது.
2. கருவிக் கணினிகளில் கடிகாரத்தை மாற்றும் உரிமையையும், தரவுக் கோப்புறையில் அழிக்கும் உரிமையையும் விண்டோஸ் அளவிலேயே நீக்குவது.
3. மென்பொருளில் ஏற்கெனவே உள்ள தணிக்கைத் தடத்தை இயக்குவது. அது அணைந்தே கிடக்கும் ஆய்வகங்களும் உண்டு.
4. இரவில் தரவுக் கோப்புறையை வேறு சர்வருக்குத் தானாக நகலெடுப்பது.
5. நாள்தோறும் எல்லாக் கோப்புகளுக்கும் ஷா-256 ஹேஷ் பட்டியல் எடுப்பது. இதற்கான கருவி விண்டோஸிலும் லினக்ஸிலும் இலவசமாகவே இருக்கிறது. பட்டியலின் ஹேஷ் ஒரே வரிதான். அதை ஆய்வகத்துக்கு வெளியே உள்ள தணிக்கையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவைத்தால், அன்றைய தரவு முழுவதும் அந்த ஒரு வரியோடு கட்டப்பட்டுவிடும்.

ஐந்தாவது படிக்கு ஒரு நிபந்தனை உண்டு. அனுப்பிய வரிகளை யாராவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, சர்வரில் இருக்கும் கோப்புகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பொருந்தாத கோப்பு கிடைத்தால் யாரிடம் சொல்வது, அவர் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அப்படியொன்று கிடைப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும்.